பட்டு மாமியை எதில் சேர்ப்பது?

“இன்னிக்கு என்ன சமையல் ரோஸ்லின்?” என்று குகட்பள்ளியிலிருந்து பட்டு மாமி பேஸ்புக்கில் கேட்டிருந்தார்.

“வஞ்சிரம் வறுத்தேன் மாமி” என்று ரோஸ்லின் உடனே பதில் போட்டாள்.

நாற்காலிக்குப் பின்னால் நின்று எமி அதைப் படித்தாள். ரோஸ்லின் அவளுடைய அம்மா. போன மழைக்காலத்திலேயே அடக்கம் செய்தாயிற்று. கீபோர்டில் இருந்தவை அப்பா ஏனோக்கின் விரல்கள்.

கொண்டாப்பூர் ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது பேஸ்புக்கைத் திறந்தால் அம்மா பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரியும். எமிக்கு அதற்குமேல் சோறு இறங்காது. அப்பா கடை ஆர்டர் பார்க்கிறார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். இன்று சனிக்கிழமை, செகந்திராபாத் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள்.

“டாடி, என்ன பண்றீங்க?”

ஏனோக் திருட்டு முழி முழித்தார்.

கல்யாண கவுன் தைப்பதில் ரோஸ்லின் கெட்டிக்காரி. பேஸ்புக்கில் மட்டும் சொந்தக்காரர், சர்ச் ஆட்கள், கஸ்டமர் என்று எல்லாரையும் ஒரே கணக்கில் போட்டுக் கதம்பமாக்கி வைத்திருந்தாள். அவள் போன பிறகு இரண்டு டெய்லர்களை வைத்துக்கொண்டு ஏனோக்தான் கடையை நடத்துகிறார். அவள் பெயரிலேயே, அவள் கணக்கிலேயே.

“போன வாரம் ஒரு கல்யாணப் பொண்ணு வந்துச்சாமே, டெய்லர் சொன்னாரு. ‘நேத்துதான் ஆன்ட்டிகிட்ட சாட்ல அளவு சொன்னேன்’னுட்டு, கடைல மாலை போட்ட மம்மி போட்டோவப் பாத்து அழுதுடுச்சாம். போதும் டாடி. கடைக்குத் தனியா ஒரு பக்கம் திறந்துட்டேன். கஸ்டமரை எல்லாம் அதுக்கு மாத்திட்டு, மம்மி கணக்க மூடிடலாம்.”

“நக்கோ எமி. மூடாத.”

“கைக்கு டாடி, ஏன் மூடக்கூடாது? சொந்தத்துக்கும் சர்ச்சுக்கும் மம்மி போனது தெரியும்.”

“பட்டு மாமிக்குத் தெரியாதே! அவங்கள எதுல சேப்ப? கஸ்டமரா, சொந்தமா?”

பட்டு மாமி ஒரே ஒரு பிளவுஸ் தைக்க வந்தவர். அதற்குப் பிறகு அம்மாவோடு தினமும் வாயாடாமல் அவருக்குப் பொழுது போனதில்லை.

“அடக்கம் முடிஞ்சு வந்து இதத் திறந்தேன்” என்றார் ஏனோக். “‘ஆளையே காணோமே, என் மேல கோவமா?’ன்னு கேட்டிருந்தாங்க. ஹார்ட் ஆபரேஷன் ஆனவங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ‘சளி மாமி’ன்னு போட்டுட்டேன். அதோட மாட்டிக்கிட்டேன். யாராவது அஞ்சலி போட்டா உடனே அழிச்சிடுவேன்.”

“அவங்களுக்குச் சந்தேகமே வரலியா?”

“ஹவ், ஆமா, வரல. எனக்கும் அதான் ஆச்சரியம். முன்னெல்லாம் மீனுன்னாலே ‘சிவ சிவா’ன்னு சண்டைக்கு வருவாங்க. இப்ப ‘நன்னா சாப்பிடு’ன்னு மட்டும் எழுதறாங்க. வயசாக ஆக மனசு மாறிடுது போல. போனும் பண்றதில்ல, தொண்டை சரியில்லையாம். நான் தப்பிச்சேன்.”

அவர் குரல் தாழ்ந்தது. “உண்மையச் சொன்னா நான் எழுதலம்மா. உக்காந்தா அவதான் எழுதறா. எனக்குத் தெரியாத பேச்செல்லாம் வருது. வஞ்சிரம் வறுத்தேன்னு போட்டா வீடு பூரா வாசனை அடிக்குது.”

அடுப்படியில் காலையில் வாங்கிவந்த இட்லிப் பொட்டலம்தான் கிடந்தது. ஆனாலும் எமிக்கும் வறுத்த மீன் வாசனை வந்தது. பயத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பட்டு மாமி ஒருவருக்குத்தான் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள். அந்த ஒரு ஆளையும் இழக்க அப்பாவுக்குத் தைரியமில்லை. இப்படியே விட்டால் அப்பாவும் கைவிட்டுப் போய்விடுவார் என்று எமிக்குப் பட்டது.

“நேர்ல போய்ச் சொல்லிடலாம் டாடி. நானும் வரேன்.”

ஏனோக் எமியோடு ஆட்டோவில் ஏறினார். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் படியேறும்போது ஒரு முறை திரும்பிப்போகப் பார்த்தார். எமி விடவில்லை.

மாமியின் மகன் கௌஷிக் கதவைத் திறந்தான்.

“தம்பி, நான் ஏனோக். ரோஸ்லின் வீட்டுக்காரர். இது என் மக எமி.”

கௌஷிக்கின் முகம் வெளிறியது. அவர்களைத் தாண்டி மாடிப்படியை எட்டிப் பார்த்தான்.

“ஆன்ட்டியும் வந்திருக்காளா?”

“இல்ல தம்பி. மாமியக் கொஞ்சம் கூப்பிடுங்க. அவங்ககிட்ட ஒரு விஷயம்…”

கௌஷிக் தலையைக் குனிந்துகொண்டான்.

“அம்மா பொங்கலுக்கு முன்னாடியே போயிட்டா அங்கிள். அவ பேர்ல நான்தான் எழுதிண்டிருக்கேன்.”

ஏனோக் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எமி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கௌஷிக் குனிந்து ஏனோக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“ரோஸ்லின் ஆன்ட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ அங்கிள்!”