தரை வழி, கடல் வழி

உறை லேசாக இருந்தது. தபால் பெட்டியருகே நிற்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே கொண்டுபோகாமல் இருந்துவிடலாமா?

சமையலறை ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள்.

அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதுபோல இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கினாள். உள்ளங்கைக்குள் அடங்கும் அட்டை. அதில் அக்காவின் முகம், காது இரண்டும் தெரிய, சிரிக்காமல்.

"இத்துனூண்டா? பழைய பாஸ்போர்ட்டு புஸ்தகமால்லா இருந்துச்சு."

"இங்க இப்படித்தான்க்கா."

பழைய இந்தியப் பாஸ்போர்ட் இனிச் செல்லாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அன்றோடு அது முடிந்துபோனது.

புது பாஸ்போர்ட்டுக்கான படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. புத்தகம் ஒன்று, அட்டை ஒன்று. இரண்டையும் கேட்கலாம். அட்டையை வைத்துக்கொண்டு காரில் எல்லைப் பாலத்தைத் தாண்டி கனடா போய்வரலாம். வெளிநாட்டுக்கு விமானம் ஏற முடியாது.

அக்காவுக்காகப் படிவத்தை நிரப்பிய அவள் அட்டைக்கான கட்டத்தில் மட்டும் குறியிட்டாள்.

தபால் அலுவலகத்தில் இருந்தவர் கேட்கத்தான் செய்தார், புத்தகம் வேண்டாமா என்று. வேண்டாம் என்று அவள் முந்திக்கொண்டாள். எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்யச் சொன்னார். அக்கா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வலது கையை உயர்த்தினாள்.

கட்டிலுக்கடியில் பெட்டி மூன்று வாரமாகத் தயாராக இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு கம்பளி. மூட்டுவலித் தைலம். விளக்கு எரியும் பூதக்கண்ணாடி ஒன்று. ஊரில், புன்னைக்காயலில், அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. மொகம் தெரியும்போதே வந்துரு என்று போனில் அம்மா சொன்னது அக்காவிடம்தான். அவளிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் அம்மாகூட இருந்துட்டு வாறேன் என்றாள் அக்கா.

எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மேசையில் ஆரோன் தட்டைப் பார்த்தபடி காத்திருந்தான். அவளுடைய மகன். பதினான்கு வயது. பேச்சு கிடையாது. பெரியம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவான். போன வருடம் அக்கா காய்ச்சலில் படுத்தபோது அவள் நீட்டிய ஒவ்வொரு கவளத்தையும் தட்டிவிட்டான். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் போய்த்தான் முடிந்தது.

காரணங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அட்டையைப் பின்பக்கம் திருப்பினாள். பொடி எழுத்துகளின் மேல் விரல் மெல்ல ஊர்ந்தது.

குடியுரிமைத் தேர்வுக்காக ஒரு குளிர்காலம் முழுக்க, இதே மேசையில் உட்கார்த்தி, ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

அது எப்படி மறந்துபோனது?

"லேண்ட்," என்று எழுத்துக்கூட்டினாள் அக்கா. பிறகு, "சீ." தரை, கடல். ஆகாயம் அதில் இல்லை.

விரல் கடைசிவரை போயிற்று. திரும்பவும் முதல் வார்த்தைக்கு வந்தது.

அவள் குழாயைத் திறந்து, கழுவிவைத்திருந்த தட்டையே எடுத்து மறுபடி கழுவினாள்.

"ஏட்டி." முதுகுக்குப் பின்னால் அக்காவின் குரல். அதில் கோபமே இல்லை. "கப்பல்ல போனா நம்ம ஊருக்கு எத்தன நாளாவும்?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா மீனில் முள் எடுக்கத் தொடங்கியிருந்தாள். ஈரம் படாமல் அட்டையைத் தள்ளி வைத்திருந்தாள்.

"ஆ காட்டு ராசா."

அவன் வாயைத் திறந்தான்.