மேரி இஷ்டம்

"இன்னிக்கு சாயங்காலத்தோட அட்மிஷன் முடியுது. இப்பவே ஒன்பது வயசு. இன்னிக்குப் பேர் எழுதலைன்னா உன் பொண்ணை இனிமே எந்த ஸ்கூல்லயும் சேர்க்க மாட்டான், ஆமா!"

ஹெட்மாஸ்டர் தண்டபாணி சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. ராயபுரம் தெருக்குழாயடியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்றேதான் கத்தினார்.

அருள்பிரகாசம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஹார்பரில் கிரேன் டிரைவருக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலை அவருக்கு.

"உன்னிய யார் சார் இட்டாந்தது? என் பொண்ணு ஸ்கூலுக்கு வராதுன்னு போன வருசமே சொல்லிட்டேனே."

"பெத்த பொண்ணைத் தற்குறியா வளர்க்கறியே, நல்லாயிருக்காய்யா இது?"

"தற்குறியா? பொட்டலம் கட்ன பேப்பரு, தீப்பெட்டி, கோதுமை மூட்டைல கீற எழுத்து, எல்லாத்தையும் படிக்குது சார். அது இன்னா கேக்குதோ அதான் அன்னிக்குப் பாடம். எல்லாம் மேரி இஷ்டம். இந்த ஒன்பது வருசத்துல ஒரு அடி அடிச்சதில்ல, ஒரு அதட்டு அதட்னதில்ல."

"வீட்ல ஒண்ணை வச்சுக்கிட்டுப் பேசலாம். எனக்கு ஒரு கிளாஸுக்கு அறுபது பேரு!"

"அதுக்குத்தான் கேரியர்ல பிரம்பு சொருவிகினு வந்துகீறியா?"

ஹெட்மாஸ்டர் முகம் சுண்டிப்போனது. அருள்பிரகாசம் விடவில்லை. வலது கை மோதிர விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். அது கோணி நின்றது.

"உன்ன மாதிரி ஒரு வாத்தியார் போட்ட போடு. இன்னிக்கு வரைக்கும் மடங்கல. என் பொண்ணுக்கும் இது வேணுமா?"

கதவோரம் நின்ற மேரியின் அம்மா வியாகுலம்மாளிடம் திரும்பினார் தண்டபாணி. "நீயாவது சொல்லேம்மா."

"நான் இன்னா சார் சொல்றது? அப்பனும் பொண்ணும் ஒரே கட்சி. நான் ஒண்டிக்கட்ட."

"சரிய்யா, ஒரே ஒரு பேச்சு. பொண்ணைக் கூப்பிடு. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லிட்டா இந்தத் தெரு பக்கமே வரமாட்டேன். சொல்லலைன்னா பேர் எழுதணும். சம்மதமா?"

"டபுள் சம்மதம்! மேரி, வா கண்ணு."

தெருக்காரர்களைக் கேட்க வேண்டுமா? குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. எடுக்க ஆளில்லை.

அடைக்கலமேரி வந்தாள். கையைக் கட்டவில்லை, தலையைக் குனியவில்லை. ஹெட்மாஸ்டர் முகத்தை நேராகப் பார்த்து, "இன்னா சார்?" என்றாள்.

"பதினாறு எட்டு எவ்வளவு?"

"எட்டெட்டு அறுவத்தி நாலு... அதே மாதிரி இன்னொண்ணு... நூத்தி இருவத்தெட்டு."

சட்டைப் பையிலிருந்த பேப்பரை எடுத்துக் கொடுத்தார். தண்ணி பட்ட பாடாகப் படித்தாள்.

"கடல் தண்ணி ஏன் ஏறி எறங்குது?"

"நெலா இழுக்குது சார். ஒரு மாசம் பூரா நைனாகூட ஹார்பருக்குப் போயிப் பாத்தேன்."

பேர் எழுதக் கையோடு கொண்டுவந்திருந்த ரிஜிஸ்தரைத் தண்டபாணி மூடினார். வீம்பு பிடித்த மனுஷன்தான், ஆனால் நியாயஸ்தர்.

"தோத்துட்டேன்யா. என் ஸ்கூல்ல அஞ்சாங்கிளாஸ் பையனுக்கே இது தெரியாது. வர்றேன்."

"பாத்தியா வியாகுலம்! இஷ்டத்துக்கு வுட்டா பசங்க இப்டித்தான் வரும்!" அருள்பிரகாசம் மீசையை நீவிவிட்டுக்கொண்டார்.

"சார்!" என்றாள் மேரி. "என் பேர் எழுதாமப் போறீங்களே?"

சைக்கிள் நின்றது.

"இன்னா கண்ணு சொல்ற?"

"நான் ஸ்கூலுக்குப் போவணும் நைனா."

"எதுக்கு? வூட்ல இன்னா கொறச்சல்?"

"காலைல எல்லாப் பசங்களும் பூடுது. நெலா இழுக்கற கதைய நான் யார்கிட்ட சொல்றது? சாயங்காலம் வரைக்கும் ஒண்டியா குந்திகினு கீறேன்."

"அங்க அடிப்பாங்கம்மா!"

"அடிச்சா ஏன்னு கேக்கறேன்."

"வாணாம்."

"என் இஷ்டம்னு நீதானே நைனா சொன்ன? இதான் என் இஷ்டம்."

குழாயடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "மாட்டிகினார்டா மாமு" என்று ஒரு குரல். அருள்பிரகாசத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஊரே பார்க்க அவமானம். அதுவும் யாரால்? கையில் வைத்துத் தாங்கின பெண்ணால்.

"வாய மூடு! நான் சொல்றதுதான் உன் இஷ்டம்!"

வலது கை விர்ரென்று மேலே போனது.

"ஏசுவே!" என்று கண்ணை மூடிக்கொண்டாள் வியாகுலம்மாள். பிரம்பு சொருகிய தண்டபாணியே பதறி ஓரடி பின்னால் போனார்.

மேரி மட்டும் நகரவில்லை. தலைக்கு மேலே நின்ற அப்பாவின் கையை அண்ணாந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

ஹார்பரில் அப்படிக் கை மேலே போனால் 'அபீஸ்' என்பார்கள். சரக்கைத் தூக்கலாம் என்று கிரேனுக்கு உத்தரவு. ஓங்கின கைக்கு வேறு அர்த்தம் எதுவும் அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை தெரியாது.

ஓடிப்போய் ஹெட்மாஸ்டரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக்கோங்க சார். நைனா அபீஸ் குட்துட்டாரு!"