வேலிக்குக் கீழே ஒரு முதலை

ஆற்றோரச் சரணாலயத்தில், கம்பி வேலிக்கு நேர் கீழே உள்ள பாறையில், ஒரு முதலை தினமும் வாயைத் திறந்தபடி வெயில் காயும். பக்கத்திலேயே ஒரு கொக்கு மீனுக்காகக் காத்து நிற்கும்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே சந்தேகம்தான். “உயிரோட இருக்கா, பொம்மையா?” என்பார்கள். கூடவே ஒரு கல் வந்து விழும்.

“வாலை ஒரு தடவை ஆட்டிடேன். பார்த்துட்டுப் போயிடுவாங்க” என்றது கொக்கு.

முதலை ஆட்டியது. பார்த்தவர்கள் கைதட்டி, பார்க்காதவர்களையும் கூப்பிட்டார்கள். அவர்கள் பங்குக்கு இன்னும் நாலு கல் விழுந்தது.

“இனிமே அசையமாட்டேன். பொம்மைன்னே நினைச்சுட்டுப் போகட்டும்” என்றது முதலை.

“தண்ணிக்குள்ள போயிடலாமே?”

“வெயில் படலைன்னா தின்னது செரிக்காது. எத்தனை நாள் உள்ளேயே கிடக்கறது?”

அன்றிலிருந்து அது அசையவில்லை. கற்கள்தான் பெரிதாகிக்கொண்டே போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கல் அளவுக் கல் ஒன்று அதன் கண்ணில் விழுந்தது. அப்போதும் அசையவில்லை.

மறுநாள் கொக்கு பேச்சுக் கொடுத்துப் பார்த்தது. பதில் இல்லை. உச்சி வெயிலிலும் முதலை வாயைத் திறக்கவில்லை. கொக்கு அதன் முதுகில் ஏறி நின்று, கண்ணில் மொய்த்த ஈக்களைக் கொத்தி விரட்டிக்கொண்டிருந்தது.

மேலேயிருந்து மூன்று கல் எறிந்து பார்த்தவர் கையைத் தட்டிக்கொண்டார். “பொம்மைதான். நான் அப்பவே சொல்லலை?”

“அப்ப அந்தக் கொக்கு?” என்றாள் அவர் மனைவி.

அவர் மறுபடியும் குனிந்து கல் தேடினார்.