திராட்சை போடாத ஹெர்மான்

“இந்தத் தடவை வெறுங்கையோட வரலடி ட்ரூடி. ஹெர்மானையும் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

துண்டு சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த ஜாடியை ஹெட்விக் மேசைமேல் வைத்தாள். உள்ளே புளித்த மாவு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதன் பெயர்தான் ஹெர்மான். தினம் கிளற வேண்டும். ஐந்தாம் நாள் பாலும் சர்க்கரையும் மாவும் ஊட்ட வேண்டும். பத்தாம் நாள் நான்காகப் பிரித்து, ஒன்றை கேக்காகச் சுட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு, மீதி இரண்டையும் தோழிகள் தலையில் கட்டிவிட வேண்டும். கைக்குழந்தையாவது வளர்ந்து பள்ளிக்கூடம் போகும். ஹெர்மானுக்கு அந்த யோசனையே கிடையாது.

தங்கை ட்ரூடி ஜாடியைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பாக இல்லை.

“இதைத் தூக்கிட்டா மேற்கேயிருந்து இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“என்னடி, கூடப் பொறந்தவளைப் போய் வாங்க போங்கன்னு?”

ட்ரூடி குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே இரண்டு டப்பா நிறைய அதே மாவு.

“எதிர்வீட்டு வோல்ராத் அம்மா ஏழு வருஷமா குடுக்கிறா. அவ வீட்டுக்காரருக்கு ஏதோ அரசாங்க உத்தியோகம். என்ன உத்தியோகம்னு கேட்க இந்தத் தெருவுல யாருக்குத் தைரியம்? வேண்டாம்னு சொன்னா எங்க போய் எழுதி வெப்பாரோன்னு பயந்து பயந்தே கேக் தின்னோம். கிழக்கையும் மேற்கையும் பிரிச்ச சுவர் இடிஞ்சதும் எல்லாரும் அவ மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துறாங்க. எனக்குத்தான் மனசு கேட்கல. இப்ப நீங்க வேற ஒண்ணு!”

ஹெட்விக்குக்கு முகம் விழுந்துவிட்டது. ஏழு வருடம் அந்த மாவைச் சாகவிடாமல் வளர்த்திருந்தாள். விடுமுறைக்குப் போனால்கூட ஜாடியோடுதான் போனாள். அவள் கணவன் அதற்குத் தனி டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்பான்.

ட்ரூடி ஒரு துண்டு கேக்கை வெட்டித் தட்டில் வைத்தாள்.

“திராட்சை போடலையா?” என்று கேட்டாள் ஹெட்விக்.

“திராட்சையா? எனக்கா? பாதிரியார் வீட்டு விருந்தை மறந்துட்டியா நீ?”

மறக்கிற விஷயமா அது? ட்ரூடிக்கு அப்போது ஐந்து வயது. திராட்சை என்று நினைத்து ஈயை வாயில் போட்டு மென்றுவிட்டாள். பாதிரியார் பார்த்துக்கொண்டிருந்ததால் துப்பவும் முடியவில்லை. ஹெட்விக் அவளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டுபோய்த் தன் பாவாடையில் துப்பவைத்தாள். அம்மாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள் என்று இரண்டு பேரும் அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை, அம்மா சாகும்வரை.

“உன் பாவாடையில ரெக்கை ஒட்டிக்கிட்டு இருந்துச்சே!” என்றாள் ட்ரூடி. இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அந்தக் கொஞ்ச நேரம் அம்மாவின் அடுப்படியும் கரண்டியில் ஒட்டிய பச்சை மாவுக்கு இருவரும் போட்ட சண்டையும் அங்கே வந்துவிட்டுப் போயின. ஹெட்விக் தங்கையின் கையைப் பிடித்தாள்.

“அன்னிக்கு நான் நிஜமாவே கொண்டு வந்தேன் ட்ரூடி. எல்லையில பிடுங்கிக்கிட்டாங்க.”

கை விலகியது.

“மறுபடியும் அதையே ஆரம்பிக்காதீங்க. ஏழு வருஷம் முன்னாடி, என் அம்பதாவது பிறந்தநாள். மேற்கிலேயிருந்து அக்கா வர்றான்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன். நீங்க கையை வீசிக்கிட்டு வந்து நின்னீங்க. கேட்டா, மாவைப் பிடுங்கிட்டாங்கன்னு ஒரு கதை. புளிச்ச மாவைப் போய் எந்த அதிகாரி பிடுங்குவான்?”

“காப்பியும் சாக்லேட்டும் பார்சல்ல அனுப்பிடலாம். இதை அனுப்ப முடியாதே, கையால வளர்த்ததைக் கையால குடுக்கணும்னுதான்…”

“ஒரு வார்த்தை, ‘வாங்க மறந்துட்டேன்’னு சொல்லியிருந்தா அன்னிக்கே மன்னிச்சிருப்பேன். பொய்தான் பொறுக்கல. அதுக்குத்தான் உங்க கடுதாசியைக்கூடப் பிரிக்காம வெச்சேன்.”

ஹெட்விக் ஜாடியை மறுபடி துண்டில் சுற்ற ஆரம்பித்தாள். ஆறு மணிக்கு ஒரு ரயில் இருந்தது. ட்ரூடி தடுக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. “பத்தாம் நாள்!” என்று கூவிக்கொண்டே வோல்ராத் அம்மா டப்பாவோடு உள்ளே வந்தாள். ஹெட்விக் கையில் இருந்த ஜாடியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. இந்த மாதத்தில் அவளுக்குச் சிக்கிய முதல் ஆள்.

“நீங்களும் புதுசா வளர்க்கிறீங்களா? வாயால சொன்னா மறந்துடும், இதைப் பார்த்து எழுதிக்கங்க.” ஏப்ரன் பையிலிருந்து எண்ணெய் ஊறிய பழைய தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். “இதுவரைக்கும் யார்கிட்டயும் காட்டினதில்ல. இனிமே யாருக்குப் பயம்? கிளறுறது, ஊட்டுறது எல்லாம் வரிசையா இருக்கு. கடைசி வரியை மட்டும் கேட்காதீங்க, எனக்கே தெரியாது.”

“என்ன வரி?” என்று திரும்பினாள் ட்ரூடி.

“‘திராட்சை மட்டும் போட்டுடாதே, அந்த ஈயை நினைச்சுக்கோ’ன்னு இருக்கு. என்ன ஈன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டேன். ‘எனக்கென்ன தெரியும்? எல்லைச் சாவடியில ஜாடியை நான் பிடுங்கினப்ப அதுமேல ஒட்டியிருந்த சீட்டு, அந்தப் பொம்பளை அழுதுக்கிட்டே வெறுங்கையோட போயிட்டா’ன்னுட்டாரு.”