கீழே இருந்து தட்டியவர்

தொக்... தொக்... தொக்.

கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோஸ் கழுவிக்கொண்டிருந்த மிரான் காலடித் தரையை முறைத்தாள்.

ஏழாம் மாடி பியோ கிழவர்தான். தென்கொரியாவின் தேகு நகரத்து அந்த அடுக்குமாடியில் அவருக்கு நேர் மேலே குடிவந்த நாளிலிருந்து இதே கதை. குழந்தை நாலடி ஓடினால் போதும், துடைப்பக் கட்டையால் தன் வீட்டு மேல்தளத்தைத் தட்டுவார்.

ஆனால் இன்றைக்குமா?

மகள் தாவோனுக்கு நாலு வயது. சறுக்குமரத்திலிருந்து விழுந்து மண்டையோட்டில் விரிசல். உள்ளே கட்டிய ரத்தத்தை எடுத்து, போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைக்கவசத்தோடு சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். இப்போது உள்ளறையில் தூங்குகிறாள்.

மறுபடியும் தொக் தொக்.

"ஓடினாத்தான் குத்தம்னா, தூங்கினாலுமா?"

மிரான் குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தாள்.

இன்டர்காம் ஒலித்தது. வாசல் காவலாளி.

"தாவோன் அம்மா, ஏழாம் மாடிப் பெரியவர்..."

"மண்டை உடைஞ்ச பிள்ளை இனி ஓடாது, நிம்மதியா இருக்கச் சொல்லுங்க."

"இல்லம்மா, அவர் என்ன சொல்றார்னா..."

வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு மணி. திறந்தால், படியேறி மூச்சு வாங்க நிற்கிறார் பியோ.

"வாங்க. தட்டினது பத்தலையா?"

 அவர் அவளை ஒதுக்கிவிட்டுச் செருப்போடு உள்ளே நுழைந்தார்.

"செருப்புக் காலோடயா வீட்டுக்குள்ள?" என்று பின்னாலேயே ஓடிய மிரான் உள்ளறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

தாவோன் விரிப்பை விட்டு உருண்டு வெறுந்தரையில் கிடந்தாள். கண்கள் மேலே செருகியிருந்தன. வாயோரம் நுரை. இரண்டு குதிகால்களும் தரையில் அடித்துக்கொண்டிருந்தன.

கிழவர் மண்டியிட்டுக் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்.

"ஆம்புலன்ஸுக்குப் பேசும்மா. கை கால அமுக்கிப் பிடிக்காத."

ஆஸ்பத்திரியில் வலிப்பு நின்றது. இனி எப்போது வேண்டுமானாலும் வரலாம், மருந்தை விடக்கூடாது என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் பியோ உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீட்டுத் தரைய அழுக்காக்கிட்டேன்," என்றார்.

மிரானால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கீழ இருந்துக்கிட்டு எப்படிய்யா தெரிஞ்சுது?"

"ஓடுற காலு ஒரு இடத்துல நிக்காதும்மா. இது ஒரே இடத்துல அடிச்சுது, உன்னை உஷார்படுத்தத்தான் தட்டினேன். என் மகளுக்கு வலிப்பு வந்தப்போ நான் அடுத்த அறையிலதான் இருந்தேன். விளையாடுறான்னு நெனச்சுட்டேன். போய்ப் பாக்குறதுக்குள்ள..."



மிரான் மெல்லக் கேட்டாள்.

"அப்போ, தாவோன் ஓடுறப்பல்லாம் தட்டுவீங்களே, அது?"

"என் பிள்ளையும் இப்படி ஓடித்தாம்மா விழுந்து தலையில அடிபட்டா."