பெரிய கவளம்

எத்தியோப்பிய உணவகத்தில் மூன்று பேருக்கும் ஒரே தட்டுதான். கதிரேசனின் அலுவலகத் தோழி மேக்னா, புளித்த தோசை மாதிரியிருந்த இஞ்சேராவைப் பிய்த்துப் பருப்போடு சுருட்டி, "இவங்க ஊர்ல ஊட்டிவிடுவாங்கப்பா. கவளம் எவ்ளோ பெருசோ, பாசமும் அவ்ளோ பெருசாம்" என்று அவனிடம் நீட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த இன்பவல்லியை ஒரு வருடமாகக் காதலித்தும், அவள் கடித்த கொய்யாவைக்கூட எச்சில் என்று ஒதுக்கியவன், ஆவென்று வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.

இன்பவல்லி பாதி இஞ்சேராவை வெடுக்கென்று பிய்த்துக் குழம்பில் தோய்த்தாள். மேக்னா ஊட்டியதைவிட இரண்டு மடங்காக ஒரு கவளம் உருட்டி அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"ஏய், கை கழுவுனியா?" என்று சிரித்தான். மேக்னாவும் சிரித்தாள்.

"கழுவல. வாயத் தொற."

சிவந்த குழம்பு இன்பவல்லியின் முழங்கைவரை வழிந்தது. அவள் கையை இறக்கவில்லை.