சுவிட்சை அணைப்பது யார்?

"நான் அந்த மின்வேலிப் பெட்டியைத் தொடவே இல்லைங்க அத்தை."

"அப்ப மின்வேலி தானா அணைஞ்சுக்குதா? மாடெல்லாம் மறுபடி பக்கத்துச் சோளக்காட்டுல மேயுது. இன்னொரு தடவை நடந்தா உங்கம்மா வீட்டுக்கு மூட்டை கட்டிடு."

மாமியார் வரவழைத்த மெக்கானிக் கம்பியைச் சோதித்தார், எர்த்தைச் சோதித்தார், பெட்டியில் காதை வைத்தார். "டிக் டிக்னு நல்லாத்தாம்மா அடிக்குது. யாரோ சுவிட்சை அணைக்கிறாங்க."

மாமியாருக்கு அது போதாதா? கையும் களவுமாகப் பிடிக்க, அவரையும் இழுத்துக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கினாள்.

மருமகள் பால் வாளியோடு பெட்டியைக் கடந்து போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமியாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அப்போதுதான் செவலைப் பசு வந்தது. கம்பியில் படாமல் கழுத்தை நீட்டி, நாக்கால் சுவிட்சைத் தள்ளியது. டிக் டிக் நின்றுவிட்டதா என்று காதை விடைத்துக் கேட்டது. அப்புறம்தான் கம்பியைத் தாண்டியது. மற்ற மாடுகள் வரிசையாகப் பின்னால் போயின.

மெக்கானிக் தொப்பியைக் கழற்றிவிட்டார். மாமியார் தன்னையறியாமல் கும்பிட்டாள். "அந்த சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினா அணையும்னு எனக்கே தெரியாதுப்பா."

அடுத்த மாதமே மருமகள் தனிக்குடித்தனம் போனாள். அவள் கேட்டது செவலையை மட்டும்தான். "என் நகையெல்லாம் எடுத்துக்கோ, அதை விட்டுடு" என்று மாமியார் கெஞ்சியதாகக் கேள்வி.

செவலை மருமகளோடுதான் போனது.